நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்குகிறதா? எத்தனை நாளில் இறங்குகிறது என்று பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

காலையில் சாவியைத் திருப்புகிறீர்கள். செல்ஃப் எடுக்கவில்லை. டேஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன, பானெட்டுக்குள்ளிருந்து டக் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு எடுத்தால் உடனே ஓடுகிறது. அன்று முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே நிலை.

இந்த இடத்தில் பலரும் நேராகப் போய்ப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். புது பேட்டரி ஐந்து மாதம் தாக்குப்பிடித்தது, அப்புறம் அதுவும் பழையது போலவே படுத்துவிட்டது. கடைசியில் பார்த்தால், ஸ்டீரியோவின் பின்னால் சேரக்கூடாத இரண்டு வயர்களை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். வண்டியை அணைத்த பிறகும் ஸ்டீரியோ தூங்கவே இல்லை. நல்ல பேட்டரி ஒன்று அதனால் வீணாகிப் போனது. இன்னொருவருக்கு அது நடக்கக்கூடாது என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## முதலில் பேட்டரியா, வண்டியா என்று பிரியுங்கள்

பேட்டரி கெட்டிருந்தாலும் காலையில் வண்டி எடுக்காது, நல்ல பேட்டரியை ஏதோ ஒரு கருவி உறிஞ்சியிருந்தாலும் எடுக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க ஓர் இரவும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் போதும்.

பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். பிறகு நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள். கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்பேனர் தவறி வண்டியின் உடம்பில் பட்டாலும் ஷார்ட் ஆகாமல் இருக்கத்தான் இந்த வரிசை. சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் ஸ்டீரியோ ரகசிய எண் கேட்கும், பவர் விண்டோவின் ஆட்டோ வசதி மறந்துபோகும். அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். சாதாரண ஈய அமில பேட்டரி என்றால் 12.6 வோல்ட் அல்லது சற்றுக் கூடுதலாக இருப்பது முழு சார்ஜ். 12.4 என்பது ஏறக்குறைய முக்கால், 12.2 என்பது பாதி, 12.0 என்பது கால் பங்கு. 11.8க்குக் கீழே போனால் காலி என்றே எடுத்துக்கொள்ளலாம். எதுவும் இணைக்காமல் ஓர் இரவு சும்மா இருந்த பேட்டரி 12.4க்கும் கீழே இறங்கியிருந்தால் குறை பேட்டரியில்தான். 10.5 பக்கம் காட்டினால் உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று போய்விட்டது. அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை.

12.6 அப்படியே நிற்கிறதா? அப்படியானால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் வண்டியில் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது.

## எத்தனை நாளில் இறங்குகிறது என்பதுதான் முதல் துப்பு

சிறிய காரின் பேட்டரி 40 ஆம்பியர் மணி (ஒரு ஆம்பியர் வீதம் 40 மணி நேரம் கொடுக்கும் கொள்ளளவு) என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கும் கீழே இறங்கினால் செல்ஃப் எடுப்பது சந்தேகம், குளிர் காலத்தில் இன்னும் சந்தேகம். ஆக, கணக்குக்கு நம் கையில் இருப்பது 20 ஆம்பியர் மணி. அதை, வண்டி நின்ற மணி நேரத்தால் வகுத்தால் எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்பது தோராயமாகக் கிடைத்துவிடும்.

பத்து மணி நேரத்தில், அதாவது ஒரே இரவில் இறங்கினால் 2 ஆம்பியர். ஒரு முழு நாளில் இறங்கினால் 0.8 ஆம்பியர். மூன்று நாளில் என்றால் சுமார் 0.28. பத்து நாளில் என்றால் 0.08, அதாவது 80 மில்லிஆம்பியர். ஒன்றுமே கூடுதலாகப் பொருத்தாத வண்டிகூட கடிகாரம், அலாரம், சாவி இல்லாமல் திறக்கும் வசதி, கணினிகளின் நினைவகம் ஆகியவற்றுக்காக 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை எப்போதும் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். 30 மில்லிஆம்பியர் எடுக்கும் வண்டி நான்கு வாரம் வரை தாங்கும். ஆகவே ஒரு மாதம் ஓட்டாமல் விட்டு வண்டி எடுக்கவில்லை என்றால் அது பழுதே அல்ல.

இது எல்லாமே நல்ல பேட்டரிக்கான கணக்கு. நான்கைந்து வருடம் ஓடிய பேட்டரியின் கொள்ளளவு பாதியாகக்கூட ஆகியிருக்கலாம். அப்போது அதே கசிவு பாதி நாட்களிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

## ஒரே இரவில் படுத்துவிடுகிறது

இரண்டு ஆம்பியர் என்பது சின்ன கசிவு அல்ல. இந்த அளவுக்கு எடுக்கக்கூடியவை சிலவே: ஆடியோ ஆம்ப் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபயர்), அணையாத ஸ்டீரியோ, காரில் வைக்கும் சிறிய ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், கூடுதலாகப் போட்ட விளக்குகள்.

ஆம்ப்பைக் கண்டுபிடிப்பது எளிது. இரவு நிறுத்திய வண்டியில் காலையில் போய் அதன் மேல் கை வையுங்கள். இளஞ்சூடாக இருந்தால் இரவெல்லாம் ஓடியிருக்கிறது. ஆம்ப்புக்குப் பெரிய பாசிட்டிவ் வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது முறைதான். ஆனால் அதை எழுப்புவது ஸ்டீரியோவிலிருந்து வரும் மெல்லிய ரிமோட் வயர், பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. அதை ஸ்டீரியோவில் சேர்க்காமல் எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரில் சேர்த்துவிட்டால் ஆம்ப்புக்கு ஓய்வே கிடையாது. வண்டியை அணைத்த பின் அந்த ரிமோட் முனையில் மீட்டரை வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும்.

ஃப்ரிட்ஜோ இன்வெர்ட்டரோ இருந்தால் சாக்கெட்டைக் கவனிக்க வேண்டும். கம்ப்ரஸர் உள்ள சிறிய ஃப்ரிட்ஜ் ஓடும்போது நான்கு ஆம்பியர் பக்கம் எடுக்கும். இன்வெர்ட்டரில் எதையுமே சொருகாவிட்டாலும் அது தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் 12 வோல்ட் சாக்கெட் சாவியை எடுத்ததும் செத்துவிடும், சிலவற்றில் எப்போதும் உயிரோடு இருக்கும். ஒரே வண்டியில் முன் சாக்கெட் ஒரு விதமாகவும் டிக்கி சாக்கெட் இன்னொரு விதமாகவும் இருப்பதும் உண்டு. விளக்கு எரியும் போன் சார்ஜர் ஒன்றைச் சொருகி, வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடி வழியே பாருங்கள். உடனே பார்த்து முடிவு கட்ட வேண்டாம், சில வண்டிகள் சற்று நேரம் கழித்துத்தான் துண்டிக்கும். சார்ஜர் மட்டும் சொருகியிருப்பது பெரிய செலவு இல்லை. அதில் மாட்டியிருப்பது எது என்பதுதான் கேள்வி.

கூடுதல் ஃபாக் விளக்கு போட்டிருந்தால் அதன் ரிலேயை (உள்ளே உள்ள கம்பிச் சுருளான காயிலில் மின்சாரம் ஓடும்போது விளக்கை இணைக்கும் சுவிட்ச்) தொட்டுப் பாருங்கள். வண்டி குளிர்ந்த பிறகும் ரிலே வெதுவெதுப்பாக இருந்தால் அதன் காயிலில் மின்சாரம் ஓடுகிறது. காயில் மட்டுமே 150 மில்லிஆம்பியர் அளவுக்கு எடுக்கும், விளக்கே எரியாவிட்டாலும். உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்ட ரிலே என்றால் விளக்கும் சேர்ந்து எரியும். அது இரவில் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

## ஒன்று அல்லது இரண்டு நாளில்

முதலில் பல்புகளைச் சந்தேகியுங்கள். 5 வாட் டிக்கி பல்பு 0.4 ஆம்பியர் எடுக்கும், ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி. இரண்டு நாளில் நம் கணக்கு முடிந்துவிட்டது. 10 வாட் கூரை விளக்கு ஒரே நாளில் முடித்துவிடும். டிக்கியை மூடிவிட்டால் உள்ளே எரிகிறதா என்று யாருக்குத் தெரியும்? இதற்கு ஓர் எளிய வழி உண்டு. போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள். சில நிமிடம் கழித்து எடுத்துப் பார்த்தால் விளக்கு அணைந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். முன்னால் இருக்கும் கையுறைப் பெட்டிக்கும் இதே வழிதான். சன்வைசர் கண்ணாடியின் சிறு விளக்கையும் விட்டுவிடாதீர்கள்.

## மூன்று நான்கு நாளில்: டேஷ்கேம்

இன்று அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டேஷ்கேம் என்பது முன் கண்ணாடியில் பொருத்தி சாலையைப் பதிவு செய்யும் கேமரா. பார்க்கிங் காவல் உள்ள டேஷ்கேம் வண்டி நின்ற பிறகும் விழித்திருந்து பார்க்கிறது. அசைவு தெரிந்தால்தானே பதிவு செய்கிறது, மற்ற நேரம் சும்மாதானே என்று தோன்றும். ஆனால் அசைவைக் கண்டுபிடிக்க அது படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 0.3 ஆம்பியர் எடுக்கும் டேஷ்கேம் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி தின்னும். மூன்றாம் நாள் முடிவதற்குள் பேட்டரி பாதிக்கு வந்துவிடும். முன்னும் பின்னும் இரண்டு கேமரா என்றால் இன்னும் சீக்கிரம்.

இதற்கென்று வரும் வயரிங் கிட்டில் மூன்று வயர்கள் இருக்கும். எப்போதும் மின்சாரம் உள்ள ஃப்யூஸில் ஒன்று, சாவியோடு மட்டும் வரும் ஃப்யூஸில் ஒன்று, எர்த் ஒன்று. இரண்டாவது வயரை வைத்துத்தான் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கேமரா தெரிந்துகொள்கிறது. இரண்டு பாசிட்டிவ் வயர்களையும் ஒரே ஃப்யூஸில் செருகிவிட்டால், வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்து அது முழு வேகத்தில் பதிவு செய்துகொண்டே இருக்கும். கேமரா திரையில் பார்க்கிங் குறி வருகிறதா என்று வண்டியை அணைத்தவுடன் பாருங்கள். வரவில்லை என்றால் வயரிங்கில்தான் கோளாறு.

அடுத்தது, மின்னழுத்தம் இறங்கினால் துண்டிக்கும் அமைப்பு. கிட்டில் 11.6, 11.8, 12.0, 12.2, 12.4 என்பது போல அளவுகள் இருக்கும். கேமரா அதிக நேரம் ஓடட்டும் என்று பொருத்துபவர் 11.6 வைத்துவிடுவார். மேலே சொன்ன அளவுகளை நினைத்துப் பாருங்கள்: 11.6 வரும்போது பேட்டரி ஏற்கெனவே காலி. பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருப்பீர்கள், அது காப்பாற்றுவதற்கு எதுவுமே மிஞ்சியிருக்காது. 12.2க்குக் கீழே வைக்காதீர்கள். 12.4 இருந்தால் அதை வையுங்கள். நேரக் கட்டுப்பாடும் இருந்தால் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி மெல்ல மெல்லச் சோர்ந்துபோவதுண்டு. தினமும் கால் மணி நேரம் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இது நேரும். இரவில் மூன்று ஆம்பியர் மணி போகிறது, கால் மணி நேர ஓட்டத்தில் அது முழுதாகத் திரும்பி வருவதில்லை. நிரம்ப நிரம்ப ஈய அமில பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தும் நாட்களில் பார்க்கிங் காவலை அணைத்துவிடுவதுதான் என் யோசனை. எப்போதும் கண்காணிப்பு வேண்டும் என்றால் கேமராவுக்கென்றே தனி பேட்டரி பெட்டி கிடைக்கிறது. வண்டி ஓடும்போது மட்டும் அது சார்ஜ் ஆகும், நிற்கும்போது கேமராவுக்கு அதிலிருந்தே போகும், வண்டி பேட்டரியைத் தொடவே தொடாது.

## புது ஸ்டீரியோ போட்டதிலிருந்து

ஸ்டீரியோவின் பின்னால் பொதுவாக மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் உள்ளது, நினைவகத்துக்கு. சிவப்பு வயர் சாவியோடு வருவது, கருவியை ஆன் செய்ய. கறுப்பு எர்த். சாவியோடு வரும் வயரைத் தேட நேரமில்லாமல் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். ஸ்டீரியோ நன்றாக வேலை செய்யும், பொத்தானை அழுத்தினால் திரையும் அணையும், நமக்குச் சந்தேகமே வராது. என் வண்டியில் நடந்தது இதுதான்.

வண்டியை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் ஸ்டீரியோவை ஆன் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் கதவைத் திறக்கும் வரை ஸ்டீரியோ ஓடுவது இயல்பு, அதனால் கதவைத் திறந்து மூடிவிட்டுப் பாருங்கள். அப்போதும் ஆன் ஆனால் சிவப்பு வயரில் மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் ஆள் கிடைத்துவிட்டான். வண்டியை அணைத்ததும் நிலைய எண்களும் கடிகாரமும் அழிந்துபோனால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன.

புதிய வண்டிகள் சிலவற்றில் சாவியோடு வரும் வயர் ஸ்டீரியோ இடத்துக்கு வருவதே இல்லை. சாவி திரும்பியது என்ற செய்தி வண்டியின் கணினி வலையமைப்பு வழியாக வருகிறது. அதைப் படித்து 12 வோல்ட்டாக மாற்றித் தரும் அடாப்டர் தேவை. அது இல்லாமல் பொருத்தினால் வயரை முறுக்குவதுதான் நடக்கும், ஆகவே பொருத்தும்போதே கேட்டு வாங்குங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் இன்னொன்று: சீக்கிரம் எழ வேண்டும் என்று அது முழுதாக அணையாமல் தூங்கும். செட்டிங்கில் போய் அந்தத் தூக்க நேரத்தைக் குறைத்து வைத்தால், அதற்குப் பிறகு தானே முழுதாக அணைந்துவிடும். மறுநாள் காலை எழ அரை நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

## ஒரு வாரம், பத்து நாளில்

ஜிபிஎஸ் டிராக்கர், ஸ்டீயரிங்கின் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் வண்டியின் கணினியைப் படிக்கப் பயன்படுத்தும் சாக்கெட்) செருகும் சின்ன கருவி, கூடுதல் அலாரம் ஆகியவை இந்த வகை. ஓபிடி சாக்கெட்டின் 16ஆம் முனையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும், சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கருவி எடுப்பது சில பத்து மில்லிஆம்பியர்தான். ஆனால் சில கருவிகள் வண்டியின் கணினிகளிடம் விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்து அவற்றைத் தூங்கவிடாது. அப்போது பத்து நாள் கணக்கு இரண்டு நாளாகச் சுருங்கிவிடும். பயன்படுத்தாதபோது பிடுங்கி வைத்துவிடுங்கள்.

டிராக்கர் வண்டி நின்றதும் தூங்க வேண்டும். செல்போன் சிக்னல் கிடைக்காத நிலத்தடி நிறுத்தத்தில் அது சிக்னலைத் தேடித் தேடி அதிகம் எடுக்கும். சாவி இல்லாமல் திறக்கும் வண்டியாக இருந்தால் சாவியை வண்டிக்குப் பக்கத்திலேயே மாட்டி வைக்காதீர்கள், அருகில் சாவி இருக்கும்போது சில வண்டிகள் அடிக்கடி விழித்துக்கொள்ளும்.

## தினமும் ஓட்டியும் இறங்குகிறது

இதற்குக் கருவிகள் காரணமாக இல்லாமல் இருக்கலாம். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்ட பிறகும் 13 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஆல்டர்னேட்டரையும் (என்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) அதன் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் அளவு ஏறி இறங்கும், அவற்றில் ஒரே ஒரு முறை அளந்து முடிவுக்கு வரக்கூடாது. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, காயவைத்து, இறுக்கிப் பாருங்கள்.

## எதுவென்று தெரியவில்லை: அளந்து பிடிப்பது

கடைசியாகப் பொருத்தியது எது? அதை முதலில் கழற்றுங்கள். அப்புறம் அதற்கு முந்தையது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் கம்பெனி வயரைத் தவிர வேறு என்னென்ன வயர்கள் கிளம்புகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை, ஆகவே ஃப்யூஸ்களைப் பிடுங்கிப் பார்க்கும்போது சிக்காது.

அளப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடியது போல் ஆக்குங்கள். உள்ளே இருக்கும் ஃப்யூஸ் பெட்டியை எட்ட வேண்டும் என்றால் கதவின் பூட்டையும் அப்படியே. வேலை முடிந்ததும் பூட்டை விடுவித்த பிறகே மூட வேண்டும், மறந்து அடித்துச் சாத்தினால் பூட்டு உடையும். சாவியைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். நெகட்டிவ் டெர்மினலைச் சற்றுத் தளர்த்தி, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை கேபிளின் கிளாம்பிலும் பிடிக்க வைத்து, அதன் பிறகு கிளாம்பை மெதுவாகத் தூக்குங்கள். இந்த வரிசை முக்கியம். மின்சாரம் ஒரு நொடி அறுந்தாலும் தூங்க மறுத்த கணினி புதிதாகத் தொடங்கி ஒழுங்காகத் தூங்கிவிடும், ஒட்டியிருந்த ரிலே விடுபட்டுவிடும். நீங்கள் தேடும் பழுது உங்கள் கண் முன்னாலேயே மறைந்துவிடும்.

மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் எடுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை மீட்டர் தாங்காது. வேலை முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட், கைக்கும் ஆபத்து. நேர் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் இந்த வம்பே இல்லை, எதையும் கழற்றாமல் கேபிளைச் சுற்றி மாட்டினால் போதும்.

ஆரம்பத்தில் இரண்டு மூன்று ஆம்பியர் காட்டினால் பதற வேண்டாம். கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கும், அளவு படிப்படியாக இறங்கும். இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் வந்து நின்றால் நல்லது. அதற்கு மேல் நின்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். பிடுங்கியதைத் திரும்பச் செருகினால் சில கணினிகள் விழித்துக்கொள்ளும், ஆகவே எந்த இடத்தில் எது என்று போட்டோ எடுத்துக்கொண்டு வெளியிலேயே வையுங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென விழுகிறதோ, அந்த வரியில்தான் கசிவு. எல்லா ஃப்யூஸும் வெளியே வந்தும் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு கசியலாம், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எப்போதாவது மட்டும் வரும் கசிவுதான் கண்டுபிடிக்கக் கடினமானது. அளக்கும் அன்று எல்லாம் சரியாக இருக்கும். பேட்டரியில் மாட்டும் சின்ன ப்ளூடூத் கண்காணிப்புக் கருவி இதற்கு உதவும். ஒரு வாரத்து மின்னழுத்தத்தைப் போனில் கோடாக வரைந்து காட்டும், எந்த இரவில் எத்தனை மணிக்குச் சரிந்தது என்று தெரியும். அன்று கடைசியாக எதைப் பயன்படுத்தினீர்கள், எந்தக் கதவைத் திறந்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் இரண்டு மூன்று தடவையில் பிடிபட்டுவிடும்.

## திரும்ப வராமல் பொருத்துவது

மூன்று நான்கு கருவிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வயரைத் திருடிக்கொண்டிருக்காமல் ஒரே ஒரு ரிலே போடச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு நல்ல வயர், ரிலே, சின்ன ஃப்யூஸ் பெட்டி, அதிலிருந்து எல்லாக் கருவிகளும். ரிலேயின் காயிலுக்குச் சாவியோடு வரும் ஃப்யூஸிலிருந்து மின்சாரம். சாவியை எடுத்ததும் ரிலே விட்டுவிடும், பின்னால் இருப்பவை எல்லாம் ஒரே அடியில் அணையும். விழித்திருக்க வேண்டிய டேஷ்கேமும் டிராக்கரும் மட்டும் தனியே போகும்.

பேட்டரியிலிருந்து நேராகப் போகும் எந்த வயருக்கும் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். ஃப்யூஸ் இல்லாத வயர் எங்காவது தேய்ந்து உடம்பில் பட்டால் தீப்பிடிக்கும். மின்சாரம் எடுக்க ஏர்பேக், பிரேக், என்ஜின் கணினி ஆகியவற்றின் ஃப்யூஸ்களைத் தொடாதீர்கள். சாக்கெட்டின் ஃப்யூஸ், வைப்பரின் ஃப்யூஸ் போன்றவை போதும்.

நெகட்டிவ் டெர்மினலில் சிறு பெட்டி போல ஒரு சென்சார் இருந்தால், கருவிகளின் எர்த்தை பேட்டரிக் கம்பத்தில் கட்டாமல் வண்டியின் உடம்பில் உள்ள போல்ட்டில் கட்டுங்கள். கம்பத்தில் நேராகக் கட்டினால் அந்த மின்னோட்டம் சென்சாருக்குத் தெரியாது, பேட்டரி எவ்வளவு இறங்கியது என்ற வண்டியின் கணக்கு தப்பிவிடும். மின்சார கார் வைத்திருப்பவர்களும் இதையெல்லாம் கவனிக்கலாம். அதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் இது செத்தால் வண்டி கிளம்பாது.

கசிவை நிறுத்தியதும் பேட்டரியைச் சார்ஜரில் போடுங்கள். கேபிள் போட்டு எடுத்து இருபது நிமிடம் ஓட்டினால் நிரம்பாது. 20 ஆம்பியர் மணி திரும்ப ஏற 4 ஆம்பியர் சார்ஜருக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். பிறகு, முன்பு எத்தனை நாளில் படுத்ததோ அத்தனை நாள் வண்டியைத் தொடாமல் நிறுத்தி வையுங்கள். கடைசி நாள் காலையில், செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள். 12.4க்கு மேல் இருந்தால் வயர்களைக் கட்டி டேப் சுற்றி, கழற்றி வைத்த பிளாஸ்டிக் மூடிகளைத் திரும்ப மாட்டிவிடலாம்.